எழுத்தும் சொல்லும் பொருளும்



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், பங்கு இல்லத்துக்கு வருவோரின் முகத்தைப் பார்த்தே அவர்கள் வீட்டுச் செய்தியை நாம் அறிந்துகொள்வோம். பிள்ளை தேறிய வீட்டார் இனிப்புப் பொட்டலத்தோடு பகலிலேயே வந்து, வாயிற்படியிலிருந்தே குரல் கொடுப்பர். ஏனையோர் இருட்டிய பின்பு வருவர். சென்ற ஆண்டு அவ்வாறு இருட்டிய பின்பு வந்தார் ஒரு கொத்தனார். அவருக்குப் பின்னால், கதவு நிழலில் ஒதுங்கி நின்றாள் அவருடைய மகள்.

“நாலு பாடத்துல தேறிட்டா சாமி. இங்கிலீசுலதான் போயிட்டா. 26 வாங்கியிருக்கா. இன்னும் ஒம்பது மார்க்கு இருந்தா பாஸ். மில்லுக்கு ஆள் சேர்க்கிறவர் வந்து பேசிட்டுப் போயிருக்கார். திங்கக்கிழமை அனுப்பிடலாம்னு இருக்கேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம அனுப்ப மனசு வரல” என்றார் அவர்.

ஒன்பது மதிப்பெண்! ஒரு பெண் பிள்ளையின் வாழ்வு எந்தத் திசையில் செல்லும் என்பதை அந்த ஒன்பது மதிப்பெண் தீர்மானிக்கும் நிலை. துணைத் தேர்வு வரையிலாவது பொறுத்திருக்குமாறு அவரைக் கேட்டுக்கொண்டு, நாள்தோறும் மாலையில் மகளை அனுப்பும்படி சொன்னோம். இம்மாதம் நாம் எழுதப் புகுவது, அந்த மாலைப் பொழுதுகளில் அவளுக்கு நாம் கற்பித்ததும், அவளிடமிருந்து நாம் கற்றதும்.

முதல் நாள், கையோடு ஒரு தேர்வு வழிகாட்டி நூலைக் கொண்டுவந்தாள். துணைப்பாடத்திலிருந்து ஒரு கட்டுரையைச் சொல் என்றோம். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு விடாமல், ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்பித்தாள். அது ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகக் கதை. 2019-ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கில நூலில் அது உரைநடைக் கதையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. ஒப்பித்து முடித்ததும், “நல்லது மகளே, மிராண்டா யார்?” என்று கேட்டோம். விழித்தாள். நெடுநேரம் யோசித்துவிட்டு, “அது ஒரு ஊருங்களா சாமி?” என்றாள்.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஓராண்டு முழுவதும் ஒரு கதையை மனப்பாடம் செய்தவளுக்கு, அது ஒரு தந்தைக்கும் மகளுக்கும் நேர்ந்த கதை என்பதே தெரியாது. அது ஒரு கதை என்பதுகூடத் தெரியாது. அவள் சுமந்தது எழுத்துகளை. பொருள் அவளிடம் வந்து சேரவேயில்லை.

அப்போது நம் நினைவுக்கு வந்தது, இறையனார் களவியல் உரையில் சொல்லப்படும் ஒரு பழங்கதை. பாண்டிய நாட்டில் பன்னீராண்டுப் பஞ்சம். மக்களைப் பிழைக்கும் இடம் தேடிப் போகச் சொன்ன மன்னன், மழை பெய்து நாடு செழித்த பின்பு, நூல் வல்லாரை அழைத்து வருமாறு ஆள் அனுப்பினான். எழுத்து வல்லார் கிடைத்தனர். சொல் வல்லார் கிடைத்தனர். யாப்பு வல்லாரும் கிடைத்தனர். பொருளதிகாரம் வல்லாரை மட்டும் எங்கும் காணவில்லை. எழுத்தையும் சொல்லையும் ஆராய்வதே பொருளுக்காக அன்றோ, பொருளைப் பெறாதபோது இவற்றைப் பெற்றும் பெற்றிலோமே என்று மன்னன் மனம் கவன்றானாம்.

தொல்காப்பியர் தம் நூலை எழுத்து, சொல், பொருள் என்று மூன்று அதிகாரங்களாக வகுத்தார். ஆங்கில வகுப்பில் நம் பிள்ளைகள் கற்கும் மூன்றும் ஏறக்குறைய இவையே. ‘ஸ்பெல்லிங்’ என்பது எழுத்து. ‘கிராமர்’ என்பது சொல். ‘லிட்டரேச்சர்’ என்பது பொருள். தொல்காப்பியர் ஒரே நூலாகக் கட்டிய இம்மூன்றையும் நம் வகுப்பறை மூன்று துண்டுகளாக வெட்டிவிட்டது. முதல் துண்டுக்குப் பிரம்பு, இரண்டாம் துண்டுக்குச் சூத்திரம், மூன்றாம் துண்டுக்கு நோட்ஸ்!

முதலில் எழுத்தை எடுத்துக்கொள்வோம். இங்கே நம் குற்றம் ஒன்றை வாசகர் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1999-ஆம் ஆண்டு, குருப்பட்டம் பெற்ற புதிதில், ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்க நாம் பணிக்கப்பட்டோம். ‘வெனிஸ் நகர வணிகன்’ கதையைச் சொல்லிவந்தோம். நண்பனுக்காக மூவாயிரம் பொற்காசுக்குப் பிணை நின்ற அந்தோணியோ, தவணை தவறியதால் தன் உடலில் ஒரு பவுண்டு சதையைத் தர வேண்டிய நிலை. கடன் கொடுத்தவன் கத்தியைத் தீட்டியபடி நீதிமன்றத்தில் நிற்கிறான். அந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, சொல் எழுதும் சோதனை வைத்தோம். கடைசிப் பலகையில் இருந்த ஒரு சிறுவன், கடன் என்னும் பொருள்படும் ‘டெட்’ என்ற சொல்லை ‘டி, இ, டி’ என்று மூன்றே எழுத்தில் எழுதியிருந்தான். நடுவில் நிற்க வேண்டிய ‘பி’ இல்லை. நாம் அந்தத் தாளை உயர்த்திப் பிடித்து வகுப்புக்குக் காட்டினோம். வகுப்பே சிரித்தது. வெளியே நின்று நூறு முறை எழுதி வா என்றோம். எழுதிக் கொடுத்தான். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அந்த மாத இறுதியில், லாரி பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் அவன் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம். நாம் அவன் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை.

அந்தச் சொல்லின் வரலாற்றைப் பல ஆண்டுகளுக்குப் பின்பே நாம் படித்தோம். அது பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதில் ‘பி’ இருந்ததில்லை. ஆங்கிலேயர் அந்த எழுத்து இல்லாமலேதான் எழுதிவந்தனர். பிற்காலத்தில் இலத்தீன் கற்ற அறிஞர்கள், ‘தெபித்தும்’ என்னும் இலத்தீன் மூலச் சொல்லை நினைவூட்டுவதற்காக ‘பி’யை உள்ளே புகுத்தினர். எழுத்து புகுந்தது, ஒலி புகவேயில்லை. ஷேக்ஸ்பியரே இதை எள்ளியிருக்கிறார். 1598-ல் அச்சான ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ என்னும் அவருடைய நாடகத்தில், மக்கள் இச்சொல்லின் ‘பி’யை ஒலிக்காமல் விடுகிறார்களே என்று அங்கலாய்க்கும் பாத்திரம் ஒரு பள்ளி ஆசிரியர்! நாம் தண்டித்த சிறுவன், காதால் கேட்டதைக் கையால் எழுதியவன். பழைய ஆங்கிலேயரும் அவ்வாறே செய்தனர்.

ஆங்கில எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே உள்ள இந்தப் பிணக்குக்குக் காரணம் உண்டு. வில்லியம் காக்ஸ்டன் 1476-ல் இங்கிலாந்தில் முதல் அச்சகத்தை நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்துமுறை உறைந்துகொண்டு வந்தது. அதே காலத்தில் மக்களின் உச்சரிப்போ பெரிதும் மாறிக்கொண்டிருந்தது. குதிரைவீரனைக் குறிக்கும் ‘நைட்’ என்ற சொல்லின் முதலில் நிற்கும் ‘கே’யும், நடுவில் நிற்கும் ‘ஜி, எச்’சும் ஒருகாலத்தில் ஒலிக்கப்பட்டவையே. நாக்கு அவற்றை விட்டுவிட்டது, அச்சு விடவில்லை. ஷேக்ஸ்பியருடையவை என ஏற்கப்படும் ஆறு கையொப்பங்களில், அவர் தம் பெயரையே ஒரே விதமாக எழுதவில்லை. சாமுவேல் ஜான்சனின் அகராதி 1755-ல் வெளிவந்த பின்பே எழுத்துமுறைக்கு ஓர் உறுதிப்பாடு ஏற்பட்டது. 1828-ல் அமெரிக்காவின் நோவா வெப்ஸ்டர் தம் அகராதியில் ‘கலர்’ என்ற சொல்லிலிருந்து ‘யு’வை எடுத்துவிட்டார். இன்றுவரை இரு நாட்டாரும் இரு விதமாகவே அதை எழுதுகின்றனர்.

எழுத்து மனிதர் வகுத்த வழக்கம் என்பதைத் தமிழர் அறியாதவர் அல்லர். ‘கெ’ என்ற குறிலையும் ‘கே’ என்ற நெடிலையும் தனித்தனிக் கொம்பால் வேறுபடுத்தும் முறையைத் தந்தவர் வீரமாமுனிவர். 1732-ல் சதுரகராதியைத் தொகுத்தவரும் அவரே. நாம் பள்ளியில் சேர்ந்தபோது ‘லை’ என்னும் எழுத்துக்கு யானைத் துதிக்கை போன்ற வளைவு போட்டுப் பழகினோம். 1978-ல் அரசாணை வந்ததும் அதை மாற்றி எழுதக் கற்றோம். அதனால் நம் தமிழ் குறைந்துவிடவில்லை.

ஆகவே எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம் என்று சொல்ல வருகிறோமா? இல்லை. சாலையில் இடப்புறம் செல்வது எப்படி ஒரு பொது ஒழுங்கோ, அப்படியே எழுத்துமுறையும் ஒரு பொது ஒழுங்கு. படிப்பவர் தடுமாறாதிருக்க அதைப் பேண வேண்டும். ஆனால் பிழை செய்த பிள்ளை ஒழுக்கம் கெட்ட பிள்ளை அன்று. கொத்தனார் மகளுக்கு இந்தச் சொற்களின் கதைகளைச் சொன்னோம். “அவங்களுக்கே குழப்பம்தானா சாமி!” என்று அவள் முதன்முறையாகச் சிரித்தாள். அதன் பின்பு நாளொன்றுக்குப் பத்துச் சொல் என்று அவளாகவே எழுதிப் பார்க்கத் தொடங்கினாள். அச்சம் நீங்கிய இடத்தில் நினைவு தங்கியது.

அடுத்து, சொல். நம் தலைமுறையில் ஆங்கில இலக்கணம் என்றாலே ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய தடித்த நூல்தான். 1930-களில் இந்திய மாணவருக்காக எழுதப்பட்ட அந்நூல் இன்றும் விற்பனையாகிறது. அதன் ஆசிரியருள் ஒருவரான ரென், ‘போ ஜெஸ்ட்’ என்னும் புகழ்பெற்ற வீரசாகச நாவலை 1924-ல் எழுதியவர் என்பது, அதன் பயிற்சிகளைச் செய்து களைத்த பலருக்குத் தெரியாது. அந்நூலால் நாம் பயன் பெற்றோம். குருமடத்தில் மெய்யியலை ஆங்கிலத்தில் கற்க நேர்ந்தபோது அதுவே நமக்குக் கைத்தடியாய் இருந்தது. ஆனால் அதன் சூத்திரங்களை மட்டும் ஒப்பித்த நம் நண்பர் பலர், நான்கு வரி மடல் எழுதத் திணறியதையும் கண்டோம்.

நம் பிள்ளைகளுக்கு இலக்கணம் ஏற்கெனவே தெரியும் என்பதே நாம் மறந்துபோகும் உண்மை. அந்தப் பெண் ‘ஷி கம்’ என்று எழுதினாள். ‘எஸ்’ எங்கே என்று கேட்டால் மிரளுவாள். ஆதலால் தமிழைக் கொண்டு தொடங்கினோம். அவன் வருகிறான், அவள் வருகிறாள், அவர் வருகிறார், அது வருகிறது, அவை வருகின்றன. வினையின் வாலைப் பார்த்தே வருபவர் யாரெனத் தமிழில் சொல்லிவிடலாம் அன்றோ? ஆங்கிலத்துக்கும் முன்பு இத்தகைய வால்கள் பல இருந்தன. அவை தேய்ந்து தேய்ந்து, நிகழ்காலத்தில் இந்த ஒரு ‘எஸ்’ மட்டும் எஞ்சி நிற்கிறது. “இத்தனை வால் தெரிந்த உனக்கு அந்த ஒரு வால் பெரிதா?” என்று கேட்டோம்.

அவ்வாறே, ‘பூனை எலியைப் பிடித்தது’ என்பதை ‘எலியைப் பூனை பிடித்தது’ என்று மாற்றினாலும் தமிழில் பொருள் மாறாது. ‘ஐ’ உருபு எலியை அடையாளம் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அவ்வுருபு இல்லை; சொல் நிற்கும் இடமே உருபின் வேலையைச் செய்கிறது. இடத்தை மாற்றினால் எலி பூனையைப் பிடித்துவிடும்! இதைக் கேட்ட பின்பு, வாக்கியத்தில் சொற்களை நிறுத்தும் முறையை அவள் மறக்கவில்லை.

இவ்விடத்தில் நம் நாட்டில் நடந்த ஒரு முயற்சியைக் குறிப்பிட வேண்டும். என். எஸ். பிரபு என்னும் அறிஞர், 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய தென்னகத்து ஊர்ப் பள்ளிகள் சிலவற்றில் புதுமுறை ஒன்றைச் சோதித்தார். இலக்கண விதிகளை முன்வைத்துக் கற்பிக்காமல், ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, அவற்றிலுள்ள புதிரை ஆங்கிலத்திலேயே யோசித்து விடுவிக்கச் செய்தார். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது அவருடைய கருத்து. பின்னர் நடந்த மதிப்பீட்டில், பழைய முறையில் பயின்றவர் இலக்கண அமைப்பைச் சோதிக்கும் தேர்விலும், புதுமுறையில் பயின்றவர் மொழியைப் பயன்படுத்தும் தேர்விலும் மேம்பட்டனர். அதாவது, பிள்ளைகள் எதைச் செய்து பழகினார்களோ அதில் தேர்ந்தனர். எதை நாம் பழக்குகிறோம் என்பதே கேள்வி.

மூன்றாவது, பொருள். ஆங்கில இலக்கியம் நம் நாட்டுக்கு வந்த வழியே சற்று விந்தையானது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அதனைத் தனிப் பட்டப்படிப்பாக ஏற்றது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, கல்கத்தாக் கல்லூரியில் இந்திய மாணவர்கள் ஷேக்ஸ்பியரைப் பாடமாகக் கற்றனர். 1835-ல் மெக்காலேயின் குறிப்பை அடுத்து ஆங்கிலக் கல்வி அரசின் கொள்கையாயிற்று. தேர்வும் உத்தியோகமும் அதனோடு பிணைந்தன. இலக்கியம் படிப்பதற்கு உரியது என்னும் எண்ணம் பின்தங்கி, தேர்வில் எழுதுவதற்கு உரியது என்னும் எண்ணம் முந்திக்கொண்டது. நோட்ஸ் என்பது அந்த மரத்தில் பழுத்த கனி.

அந்தப் பெண்ணிடம் வழிகாட்டி நூலை மூடிவைக்கச் சொல்லி, ‘டெம்பெஸ்ட்’ கதையைத் தமிழில் சொன்னோம். படிப்பில் மூழ்கி, ஆட்சியைத் தம்பியிடம் விட்டு ஏமாந்த பிராஸ்பரோ. மூன்று வயதும் நிரம்பாத மகளோடு கடலில் தள்ளப்பட்ட அவலம். யாருமற்ற தீவில் தந்தையே மகளுக்கு ஆசிரியரான வாழ்வு. பகைவர் கைக்குள் வந்தபோது அவர்களை மன்னித்த பெருமை. கதை முடிந்ததும், “அந்தப் பொண்ணு அப்பாகிட்டதான் எல்லாம் படிச்சுதா சாமி?” என்று மெல்லக் கேட்டாள். வெளியே திண்ணையில் அவளை அழைத்துச் செல்லக் காத்திருந்த கொத்தனார், தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். மறுநாள் அதே கதையைப் பத்து வரியில், தன் சொந்த ஆங்கிலத்தில் எழுதிவந்தாள். பிழைகள் இருந்தன. ஆனால் அதிலிருந்த மிராண்டா ஊர் அன்று, உயிருள்ள பெண்.

பட்டறைக்குப் போன சிறுவனுக்கும் ஒரு கதை பாக்கி இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு, நெடுஞ்சாலையில் நம் மோட்டார் சைக்கிள் நின்றுவிட, அருகிலிருந்த பட்டறைக்கு அதைத் தள்ளிச் சென்றோம். பட்டறை முதலாளி நம்மை உற்றுப் பார்த்துவிட்டு, “சாமி, என்னைத் தெரியுதா?” என்றார். தெரிந்தது. வண்டியைச் சரிசெய்தார், காசு வாங்க மறுத்தார். கையைத் துடைத்துக்கொண்டே, “சாமி, அந்தக் கதையில பிணை நின்னவரை வெட்டிட்டாங்களா?” என்று கேட்டார். நாம் திகைத்துப் போனோம். வழக்கறிஞர் வேடத்தில் வந்த போர்ஷியா, பத்திரத்தில் சதைதான் எழுதியிருக்கிறது, இரத்தம் எழுதியிருக்கவில்லை, ஒரு துளியும் சிந்தாமல் எடுத்துக்கொள் என்று சொல்லி மடக்கியதை, அந்தக் கரியும் எண்ணெயும் படிந்த பலகையில் அமர்ந்து சொன்னோம். அவர் வாய்விட்டுச் சிரித்தார். எழுத்தை மட்டும் பற்றி நின்றவன் எழுத்தாலேயே தோற்றான் என்று சொல்லும்போது நமக்கே நாக்கு குழறியது. அன்றைய செயலுக்கு மன்னிப்புக் கேட்டோம். “அதெல்லாம் விடுங்க சாமி. முடிவு தெரியாமலேயே இருந்துச்சு, அவ்வளவுதான்” என்றார்.

பெற்றோரே, பிள்ளைக்கு ஆங்கிலம் வரவில்லை என்று கவலைப்படுகிறீர்களா? உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிடினும் நீங்கள் செய்யக்கூடியன சில உண்டு. பாடத்திலுள்ள கதையை முதலில் தமிழில் உங்களுக்குச் சொல்லும்படி கேளுங்கள். சொல்ல முடிந்தால் பொருள் வந்துவிட்டது என்று அறியலாம். நாள்தோறும் ஒரு பக்கத்தைக் குரலெடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிழை செய்தால் மற்றவர் முன் நகைக்காதீர்கள். ஆசிரியப் பெருமக்களே, சோதனை வைக்குமுன் கதையை முடித்துவிடுங்கள். முடிவு தெரியாமல் வெளியேறும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கக்கூடும்.

கொத்தனார் மகள் துணைத் தேர்வில் பெற்றது 41. பெரிய மதிப்பெண் அன்று. ஆயினும் அந்தத் திங்கட்கிழமை அவள் மில்லுக்குப் போகவில்லை. இன்று பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற வாரம் பங்கு இல்ல நூலக அலமாரியில், சார்லஸ் லாம், மேரி லாம் இருவரும் 1807-ல் சிறாருக்காக எழுதிய ஷேக்ஸ்பியர் கதை நூலைக் கண்டு எடுத்துப் புரட்டினாள். “இதுல தேர்வுக்கு எது வரும்?” என்று அவள் கேட்கவில்லை. “வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா சாமி?” என்றே கேட்டாள். முதற்பக்கத்தில் நம் கையொப்பம் இட்ட அந்தப் பழைய நூலை, திருப்பித் தரும் நாளைக் குறிக்காமலே கொடுத்தனுப்பினோம்.